ரோஸ் நிறத்துச் சீரம்

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து டியூபை எடுத்தபோதே தெரிந்துவிட்டது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லை, ரோஸாக இருந்தது. ஹீமோலைஸ்டு சாம்பிள். சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த சரக்கெல்லாம் சீரத்தில் கலந்துவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்ட சாம்பிளில் ஃபோலேட் என்ற வைட்டமினை அளக்கும் டெஸ்ட் ஓட்டக்கூடாது என்பது டெக்னீஷியன் படிப்பில் ஆரம்பப் பாடம். எனக்கு அப்போது இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் லேபில் வேலை. செவ்வாய்தோறும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறி, ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருவேன். என் இடுப்பு வலி அந்த மலைப்பாதை கொடுத்த சீதனம்.

அந்த டியூபில் இருந்தது மலையில் கூலி வேலை பார்க்கும் அலமேலுவின் ரத்தம். அவளுடைய முதல் குழந்தை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து, இரண்டே நாளில் போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து, அடுத்த குழந்தைக்கு ஆசைப்பட்டு டாக்டரம்மாவிடம் போனாள். அவர், கருவில் முதுகுத்தண்டு சரியாக மூட உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்து, "மூணு மாசம் சாப்புடு, ரத்தத்துல ஃபோலேட் எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் புள்ள பெத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுக்க வந்தாள். அலமேலுவுக்கு நரம்பு மெல்லிசு. சிரிஞ்சை வேகமாக இழுத்து, ஊசியைக் கழற்றாமலே டியூபுக்குள் பீய்ச்சினேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அணுக்களை உடைத்தது நான்தான்.

முதலாளியிடம் டியூபைக் காட்டினேன்.

"லேசாத்தான கலரு? ஓட்டிடுங்க. மறுபடி மலைக்கு யாரு போறது?" என்றார்.

நான்தான் போக வேண்டும். அந்த நினைப்பிலேயே டியூபை மெஷினில் வைத்தேன். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாக விரும்பவில்லை. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. ஃபோலேட் நார்மல் என்று வந்தது, கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த செவ்வாய் வெள்ளிமலையில் அலமேலு ரிப்போர்ட் வாங்க வந்தாள்.

"இன்னாக்கா, நல்லா இருக்குதா?"

"நார்மல்தாம்மா. மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் ஒரு மாத்திரகூட முழுங்கல. வூட்டுக்குப் பின்னாடி குழி தோண்டிப் போட்டுட்டேன். அப்பவும் நல்லாத்தான இருக்குது? இனிமே அது வாணாந்தானே?"

அந்த ரோஸ் நிற டியூப் ஞாபகம் வந்தது. சீரத்தில் இருப்பதைவிட சிவப்பணுவுக்குள் ஃபோலேட் பல மடங்கு ஜாஸ்தி. கொஞ்சம் அணுக்கள் உடைந்தாலே போதும், பற்றாக்குறை உள்ளவளுக்கும் நார்மல் காட்டிவிடும். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நம்பி, அவள் அப்படியே கர்ப்பம் தரிக்கப் போகிறாள்.

"ஏம்மா சாப்புடல?"

"மொத புள்ளைக்கு அஞ்சாம் மாசம் குடுத்தாங்க. ஒரு நாள் வுடாம முழுங்கினேன். அது அப்படிப் பொறந்துச்சு. மறுபடி அதையே எப்படிக்கா முழுங்குறது?"

ரிப்போர்ட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். "தப்பு என்னோடது. ரத்தம் எடுக்குறப்பவே கெடுத்துட்டேன். இந்த நார்மல நம்பாத. இன்னொன்னும் கேட்டுக்க. முதுகு மூடுறது கரு தங்கின மொத மாசத்துலயே முடிஞ்சிடும். நீ மாத்திரையத் தொட்டது அஞ்சாம் மாசம். அது ஒண்ணும் கெடுக்கலம்மா, லேட்டா வந்துச்சு, அவ்ளோதான்."



"அப்ப, நான் முழுங்குனதால இல்லியா?"

"இல்லம்மா."

"நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா, இத்தினி வருசமா."

பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பஸ் போனால் போகட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு நிதானமாக மறுபடி ரத்தம் எடுத்தேன். மெதுவாக இழுத்தால் மெல்லிய நரம்பும் கொடுக்கத்தான் செய்கிறது.

டாக்டரம்மாவிடம் நடந்ததை ஒப்புக்கொண்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை சிவப்பணுவுக்குள் இருக்கும் ஃபோலேட்டையே பார்க்கச் சொல்லி, சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். ரொம்பக் கம்மி என்று வந்தது. அலமேலு மாத்திரையைத் தொடங்கினாள்.

ஒரு மாதத்திலேயே வந்து நின்றாள். "போதாதாக்கா?"

போதாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதுதான் சிவப்பணு ஃபோலேட்டை உள்ளே இழுத்து, வெளியே நழுவாதபடி பூட்டிக்கொள்கிறது. முதிர்ந்து ரத்தத்துக்கு வந்தபின் அநேகமாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதற்குமேல் ஊட்டுவது வெட்டிய கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான். பழைய அணுக்கள் செத்துப் புதியவை நிறைய ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். இதை அவளுக்குப் புரியவைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. நான்கு மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் அளவு சரியாக இருந்தது. அதன் பிறகே டாக்டரம்மா சம்மதம் சொன்னார்.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். சீரம் ரோஸாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். யார் முகம் சுளித்தாலும் சரி, பஸ் போனாலும் சரி. அலமேலு மனசு விட்டுப் பேசியதால் நான் தப்பித்தேன். அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷத்தில் இதேபோல அலுப்பில் எத்தனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன், அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.