கோட்டை மணியும் மடவைக் குடலும்

என் வாய் நாறிய காலத்தை எழுதுகிறேன். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். இருந்தாலும் இதை இன்னொருவர் கையால் எழுதவைக்க மனம் ஒப்பவில்லை. என் அசிங்கத்தை நான் சொல்வதுதான் முறை.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்கார வெள்ளையர்கள் இருந்தார்கள். எங்கள் வீடு ஏரிக்கு நடுவே பசியாவரத்தில். காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளையும் கோட்டையில் அடிக்கும் மணி தண்ணீரைத் தாண்டி எங்கள் வாசல்வரை கேட்கும். மடவை மீனைக் கீறிக் குடல் எடுத்து உப்பு வைப்பது என் வேலை. அதில் என்னை மிஞ்ச அந்தத் தீவில் ஆளில்லை. மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு உட்காருவேன். அது ஓய்வதற்குள் இடுப்புச் சுருக்குப்பை அவிழும். பழைய சக்கையை வேலியோரம் துப்பிவிட்டுப் புதுப் புகையிலையைக் கடைவாயில் அதக்குவேன். அந்த வேலியோரத்தை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. மண் கறுத்துப் பசைபோல் இறுகி, ஈ மொய்த்துக் கிடக்கும். மீன் குடலை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுகிற சுத்தக்காரி நான். என் வாயிலிருந்து விழுந்ததை மட்டும் வாசலில் சேர்த்து வைத்திருந்தேன்.

என் மகள் தவழத் தொடங்கிய புதிதில் அந்தச் சக்கையை எடுத்துத் தின்றுவிட்டாள். முகம் வெளுத்து, வாந்தி எடுத்து, தலை தொங்கிப்போனது. விரலை விட்டுத் தோண்டினேன். நான் மென்று துப்பியது அவள் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்து பால் குடித்தாள். என் மாமியார் அதிகம் பேசாதவர். அன்று மட்டும் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்:

"இனிமே பால் எதுக்குடி? புகையிலையே மென்னு குடுத்துடு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பாலைவனம் கோயிலுக்குப் போனேன். இனித் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்து இரண்டு நாள் அங்கேயே தங்கினேன். தலை வலித்தது. ஆனால் பை இடுப்பிலேயே இருந்தும் கை அதற்குப் போகவில்லை. சாமி காப்பாற்றிவிட்டது என்று நிமிர்ந்து நடந்து வந்து படகேறினேன். பாதி ஏரியில் சாயங்கால மணி அடித்தது. நாக்கடியில் எச்சில் ஊறியது. என்ன என்று யோசிப்பதற்குள் புகையிலை வாயில் இருந்தது. சத்தியம் செய்த அதே வாய். ஏரியில் துப்பினேன். வாசனை மட்டும் போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் மோப்பம் பிடித்தார்.

"இன்னா, சாமி படகு ஏறலியா?"

அன்று யோசித்தேன். திருப்பாலைவனத்தில் கோயில் மணி வேளைக்கு வேளை அடித்தது. அதற்கு என் வாய் ஊறவில்லை. கோட்டை மணிக்குத்தான் ஊறியது. சாமி ஒன்றும் செய்யவில்லை. அங்கே இந்த மணி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் உச்சி மணிக்கு அதைவிடக் கேவலம் ஒன்றைக் கண்டேன். மணி அடித்ததும் பிள்ளை கையிலிருந்த கிளிஞ்சலைப் போட்டுவிட்டு வேலியோரம் தவழ்ந்தது. என் வாய்க்குப் பழகியது அதன் காலுக்கும் பழகியிருந்தது.

வேலியோர மண்ணைக் கொத்தி அள்ளினேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அடிக்கிற மணியை நிறுத்த என்னால் ஆகாது. அது அடிக்கும்போது என் கை எங்கே இருக்கிறது என்பதை நான் மாற்றலாம். ஒவ்வொரு மணிக்கும் என்று நாலு மடவையாவது கீறாமல் மீதி வைத்தேன். சத்தம் வரும்போது இரண்டு கையும் மீன் வயிற்றுக்குள் இருக்கும். பித்தமும் குடலும் வழவழக்கும் அந்தக் கையை யார் வாய்க்குக் கொண்டுபோவார்? சாயங்கால மீன் நைந்துபோகிறது என்று மாமியார் முணுமுணுத்தார். அவரிடமே கேட்டேன்: மணி அடித்தால் பிள்ளையைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் கொண்டுபோய்க் கருப்பட்டித் துணுக்கு ஒன்று கொடுக்க வேண்டும், வேறு எப்போதும் கொடுக்கக் கூடாது.

"மணி அடிச்சா தீனியா? புள்ள வளக்கறியா, நாய் வளக்கறியா?"

என்றாலும் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தார்.

இரண்டு மாதம் போல் கழித்து, கருவாடு வாங்க வந்த காட்டூர்க்காரி ஒருத்தி உச்சி வேளைக்குச் சற்று முன்னால் எங்கள் வேலியோரம் சக்கையைத் துப்பிவிட்டுப் போனாள். பிள்ளை அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மாமியார் கரையில் இருந்தார். நான் எழுந்திருப்பதற்குள் மணி அடித்தது. பிள்ளை சக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று பானைப் பக்கம் தவழ்ந்துபோய், ஆளில்லாத இடத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

எனக்கோ பாழும் எச்சில் அன்றும் ஊறியது. கை இரண்டும் மடவை வயிற்றில் இருக்க, அதை விழுங்கினேன். குடல் வாடைதான் அடித்தது.