என் கையில் விழுந்த வெள்ளை

முதல் வெள்ளைத் திட்டு என் கீழுதட்டின் ஓரத்தில்தான் விழுந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். கணவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். உலக யுத்தம் முடிந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனவர். நான் தூத்துக்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தேன்.

மதினி ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். தோல் கொப்புளித்து உரிந்தது. உள்ளிருந்து வந்த புதுத் தோலும் வெள்ளையாகவே வந்தது. யுத்தம் முடிவதற்குள் இரண்டு கைவிரல்களிலும் பரவிவிட்டது. அவருக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் நான் இதைச் சொல்லவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

கப்பலேறி வரும்படி அவர் எழுதினார். அண்ணன்தான் துறைமுகத்துக்கு அழைத்துப்போனார். கப்பல் தூரத்தில் நிற்கும். லாஞ்சில் ஏறித்தான் போகவேண்டும். ஏறுமுன் ஒட்டுநோய் இருக்கிறதா என்று உடம்பைச் சோதிப்பார்கள். வரிசையில் நின்றபோது கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.

"கையைக் காட்டும்மா" என்றார் சோதனை செய்தவர்.

காட்டினேன். அவர் என் உதட்டையும் பார்த்தார்.

"நீங்க அங்கன தள்ளி நில்லுங்க."

பின்னால் நின்றவள் தன் டிரங்குப் பெட்டியை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள்.

"ஐயா, இது குட்டம் இல்ல, வெறும் வெள்ளைதான்" என்றார் அண்ணன்.

"எழுத்துல வேணும். டாக்டர் சர்டிபிகேட்டோட அடுத்த கப்பலுக்கு வாங்க."

குட்டம் வந்த தோலுக்கு உணர்ச்சி இருக்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். "ஐயா, ஊசியால குத்திப் பாருங்க. எனக்கு வலிக்கும்" என்றேன். அத்தனை பேர் நடுவில் இரண்டாம் தடவையும் கெஞ்சினேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லாஞ்சு போய்விட்டது. "வீட்டுக்குப் போவோம்ளா" என்றார் அண்ணன். அதற்கப்புறம் பல நாள், கிணற்றடிக்கு நான் தனியாகப் போனால் மதினி ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னாலேயே வருவாள். அவள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒவ்வொரு விரலிலும் ஊசியால் குத்தினார்கள்.

"வலிக்கா?"

"வலிக்கு."

"இது குட்டம் இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது."

"போயிருமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. இன்னும் பரவினாலும் பரவும்."

சர்டிபிகேட்டில் இருந்ததை அப்படியே நகலெழுதி, எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த கப்பலுக்கு வரட்டுமா என்று கேட்டு, கொழும்புக்கு அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. உடம்பு தேறட்டும், இப்போதைக்கு வரவேண்டாம் என்று எழுதியிருந்தார். என்னைத் தடுத்தது துறைமுகத்து ஆள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. தலைமையாசிரியை என் கையைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். கரும்பலகையில் எழுதும்போது உடம்பால் கையை மறைத்துக்கொண்டே எழுதினேன். அப்படியும் ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாள்.

"டீச்சர், கையெல்லாம் சாக்பீஸா?"

"இல்ல. தோல்ல நிறம் போயிட்டு. யாருக்கும் ஒட்டாது" என்றேன். ஊராருக்கு என் வாயாலேயே இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சரி என்று குனிந்து எழுதத் தொடங்கினாள்.

மறுநாள் இரண்டு தாய்மார் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். தலைமையாசிரியை எனக்காகப் பேசவுமில்லை, என்னைப் போகச் சொல்லவுமில்லை. அதற்கடுத்த நாள் நான் எழுந்திருக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஒரு நாள் விட்டு மறுபடி பள்ளிக்கூடம் போனேன். யாராவது விலகி உட்கார்ந்தால், முந்திக்கொண்டு நானே சொல்லப் பழகினேன். சில நாள் சொல்ல முடிந்தது. சில நாள் நானே தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கணவர் கொழும்பிலிருந்து வந்தார். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நான் காப்பி போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அங்கன வையி" என்று பெஞ்சைக் காட்டினார்.

வைக்கவில்லை. "கையில வாங்குங்க. ஒட்டாது" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். டம்ளர் சாய்ந்து காப்பி என் விரலில் சிந்தியது. நல்ல சூடு. மதினி அடுக்களை வாசலுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டாள். கடைசியில் என் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து வாங்கினார். பாதி குடித்தார்.

நாலாம் நாள் தனியாகவே கொழும்புக்குத் திரும்பினார். என்னை வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கப்பலேறிய நேரத்தில் நான் வகுப்பில் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில் வாய்ப்பாடு தப்பியது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, மணியடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.