அப்பாவின் மச்சானுக்குத் தூக்கமில்லை

எங்கள் மனநல மருத்துவமனைக்கு வருகிறவர்களில் மச்சான்கள்தான் அதிகம். சங்கரன்கோவிலில் ஒரு உரக்கடை மாடியில் அப்பா இதைத் தொடங்கிய நாளிலிருந்தே, தனக்கென்று யாரும் வந்ததில்லை. திருவேங்கடத்திலிருந்து ஒருவர் வருவார். "டாக்டரய்யா, என் மச்சானுக்குப் படபடன்னு வருதாம். அவனுக்கு வேலை கெடக்கு. எங்கிட்ட சொல்லுங்க, நான் போய்ச் சொல்லுதேன்" என்பார், தன் நெஞ்சைத் தடவிக்கொண்டே.

அந்த மச்சானே நீர்தானே என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. "மச்சானுக்குப் பசி எடுக்கா?" என்பார். பிரஷர் பார்க்க வேண்டுமென்றால், "உம்ம கையைக் கொடும், ஒரு குத்துமதிப்புக்குப் பாப்போம்" என்பார். டோக்கனும் மருந்தும் அம்மாவின் பொறுப்பு. ஃபைலில் 'மச்சான்' என்று எழுதி, வந்தவரின் போன் நம்பரைக் குறித்துக்கொள்வாள். குணமானால், மச்சான் கொடுத்துவிட்டதாக ஒரு பை நிலக்கடலை வரும்.

நானும் மனநல மருத்துவம் படித்துவிட்டு வந்தேன். வந்த புதிதில் இந்த நாடகம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். செருப்பைக்கூட மாட்டாமல் போனவர்தான், திரும்பி வரவில்லை. அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதன் பிறகு நானும் ஒழுங்காக மச்சான்களுக்கே வைத்தியம் பார்த்தேன்.

அதற்குள் சொந்தக் கட்டிடம் வந்திருந்தது. கீழே மருத்துவமனை, மேலே வீடு. அம்மா போன பிறகு அப்பா கீழே இறங்குவதையே நிறுத்திவிட்டார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. பேச்செடுத்தால், "எனக்கு என்னட்டி? ஊருக்கே பாத்தவன் நான்" என்று வாயை அடைப்பார். அம்மாவின் பின்னாலேயே இவரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மதியம், கூட்டம் கலைந்த பிறகு இறங்கி வந்தார். என் எதிரே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாசுதேவநல்லூர்ல என் மச்சான் இருக்காம்லா, அவனுக்குத் தூக்கமே இல்லையாம்."

அவர் சொன்னது அம்மாவின் தம்பியை, என் தாய்மாமாவை. மாமா பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர். சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று படித்திருக்கிறேன்தான். அதைச் சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார். 'டாக்டரய்யாவின் மச்சான்' என்று ஒரு ஃபைல் போட்டு, மாத்திரை எழுதி, "மாமாவை ரெண்டு வாரத்துல வரச் சொல்லுங்கப்பா" என்றேன். "சொல்லுதேன்" என்றார்.

இரண்டு வாரம் ஆயிற்று. மச்சான் வரவில்லை.

டோக்கன் மேஜையில் அம்மாவின் இடத்துக்கு வேலைக்கு வந்த அக்கா மகா கெட்டிக்காரி. தவணைக்கு வராதவர்களைப் போனில் பிடிப்பது அவர் வேலை. இந்த ஃபைலில் நம்பர் இல்லை. ஆனால் டாக்டரய்யாவுக்கு இருப்பது ஒரே மச்சான், அவர் நம்பரும் அக்காவிடம் இருந்தது. நேராக அவருக்கே போட்டுவிட்டார். "அண்ணாச்சி, மனசுக்குக் கொடுத்த மாத்திரை தீந்திருக்கும். தவறாம வந்து டாக்டரம்மாவைப் பாருங்க."

மாமா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். ஹால் நிறைய ஆட்கள்.

"ஏட்டி, எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? மகளைப் பொண்ணு பாக்க வந்திருக்காவ. போனு ஸ்பீக்கர்ல கெடக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் அத்தனை பேரும் கேட்டுட்டான்."

நம்பர் மாறிப் போச்சு மாமா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டார்.

"அவளை ஏசாதீரும் வே. உமக்கு ஒண்ணும் இல்ல. உம்ம அக்கா போனதுல இருந்து எனக்குத்தான் மனசு சரியில்ல. உம்ம பேரைச் சொல்லி நாந்தான் மாத்திரை வாங்கித் தின்னேன். மாப்பிள்ளை வீட்டுல நானே வந்து சொல்லுதேன்."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மாமாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. "அத்தான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வருடமாக மச்சானுக்கு மாத்திரை வாங்கிப் போகும் அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். "டாக்டரம்மா, எனக்குக் கூடப் பொறந்தவளும் கிடையாது, பொண்டாட்டிக்கு அண்ணன் தம்பியும் கிடையாது" என்றார்.

அக்கா யோசிக்காமல் அவர் ஃபைலைத் தேடி எடுத்து, அதில் இருந்த 'மச்சான்' மேல் ஒரு கோடு போட்டார். பிறகு அப்பாவுக்கு ஒரு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். அப்பா வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

முறை வந்ததும் உள்ளே வந்தார். நான் புது ஃபைலில் அவர் பெயரை எழுதினேன்.

"ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்புத் தட்டிருது மக்கா" என்று தொடங்கினார். "பக்கத்துல கையை வச்சுப் பாக்கேன். உங்கம்மா இல்ல."

 நான் பேனாவை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.