ஊருக்கு பஸ் வருதுங்களா?

பஸ் நிற்கிறது. ஏறுவதற்கு ஆட்களும் நிற்கிறார்கள். ஆனால், ஒருத்தர்கூட ஏறவில்லை. இப்படி ஒரு காட்சியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம் பார்த்தேன்... கொல்லிமலையில்.

வாசலூர்பட்டி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். 'எழுதப் போகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தது. நடந்ததென்னவோ தூக்கம்தான். சும்மா திரும்பினால் வீட்டில் மானம் போய்விடும், மிளகாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று ஒரு சாயங்காலம் கிளம்பினேன். திருப்புலி நாட்டில் (கொல்லிமலையில் ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு நாடு என்று பெயர்) வெள்ளையன் என்கிற விவசாயியிடம் நல்ல மிளகு கிடைக்கும் என்று ரூம்காரர் சொல்லியிருந்தார்.

வெள்ளையனின் ஊருக்கு, மலையின் கடைத்தெருவான செம்மேட்டிலிருந்து ஒரே ஒரு பஸ். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மெயின் ரோட்டைவிட்டுப் பிரிந்து, காட்டுக்குள் வளைந்து வளைந்து போய் அந்த ஊரோடு முடிந்துவிடுகிற ரூட்.

ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அரிசிப் பை, காய்கறிப் பை, ஸ்கூல் பை என்று எல்லோர் கையிலும் சுமை. சீட் கிடைக்காதே என்று நான் முண்டியடித்து ஏறினால்... உள்ளே இரண்டே பேர்! முன் சீட்டில், மடியில் அட்டையும் பேனாவுமாக ஒரு பேன்ட் சட்டைக்காரர். நடுவில், வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். வெளியே நின்ற கூட்டம் அசையவே இல்லை. பஸ்ஸைப் பார்த்துக் கும்பிடு போட்டது!

"ஏறுங்க, ஏறுங்க" என்று கண்டக்டர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நீங்க போங்க சாமி, நாங்க வாரோம்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே வழியனுப்பி வைத்தார்.

அடுத்த ஸ்டாப்பிலும் இதே கதை. அதற்கடுத்த ஸ்டாப்பிலும் இதே கும்பிடு. நான் முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிரேக் கிரேக் இல்லாத வண்டியோ?

"ஏனுங்க, இந்த பஸ் தினமும் இப்படித்தானுங்களா?" வேட்டிக்காரர் என்னைக் கேட்டார். நானே இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

அவர் பெயர் சடையன். ஆலத்தூர் நாட்டுக்காரர். மகள் பவித்ராவுக்கு செம்மேட்டில் மெடிக்கல் ஷாப்பில் வேலை. வரன் வந்திருக்கிறது. யார் என்கிறீர்கள்? என் மிளகுக்காரர் வெள்ளையனின் மகன் கார்த்திக்!

"பையன் தங்கமானவனுங்க. தோட்டத்துல மிளகு இருக்குது, மரவள்ளி இருக்குது, ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க. ஆனா புள்ள ஒரே பேச்சா நிக்குது. கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்னு. சரி, ஊருக்கு பஸ் வருதுங்களான்னு கேட்டேன். ஜம்முனு வருதுன்னாங்க. அதான் சொல்லாம கொள்ளாம ஒரு நடை பார்த்துட்டுப் போலாம்னு ஏறினேன்..."

காலி சீட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பெண் கொடுக்கிறவர்கள் முன்பெல்லாம் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்று கேட்பார்கள். இப்போது கேட்பது பஸ். எனக்கு இதில் சந்தோஷம்தான். பெண் வேலைக்குப் போவாள் என்பதை வைத்துத்தானே இந்தக் கேள்வியே வருகிறது?

அதற்குள் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். முன் சீட்டில் இருப்பவர் டிப்போ அதிகாரியாம். ரூட்டை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவு செய்ய ஆள் எண்ண வந்திருக்கிறாராம்.

"நேத்தே எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சேன் மேடம், ஆபீசர் வாராருன்னு. அடிச்சுப் பிடிச்சு ஏறுவாங்கன்னு பார்த்தா... என்ன ஆச்சுன்னே தெரியலீங்க."

என்ன ஆயிற்று என்பது கடைசி ஸ்டாப்பில் தெரிந்தது. வெள்ளையனும் இன்னும் நாலைந்து பேரும் தட்டில் பலாச்சுளையோடு காத்திருந்தார்கள். அதிகாரி இறங்கியதும் வெள்ளையன் கேட்ட முதல் கேள்வி: "சௌகரியமா உக்காந்து வந்தீங்களா சாமி?"

"சௌகரியத்துக்கு என்னங்க குறைச்சல்? பஸ்ஸே எனக்குத்தான்! ஏன் ஒருத்தரும் ஏறல?"

"அதெப்படிங்க ஏறுவோம்?" வெள்ளையனுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது. "எங்க ஊரைப் பார்க்கன்னு பெரிய ஆபீசர் வாராங்க. மூட்டையும் முடிச்சுமா ஏறி, உங்களை இடிச்சுக்கிட்டு உக்காந்தா மரியாதையா இருக்குமுங்களா? இன்னிக்கு ஒரு நாளைக்கு உங்களைக் கும்பிட்டு வழியனுப்பிட்டு எல்லாரும் நடந்தே வந்துருவோம்னு ஊர்ல பேசி வெச்சோமுங்க."

கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி மெதுவாக விஷயத்தைச் சொன்னார். வெள்ளையனின் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை. போதாக்குறைக்கு, பஸ்ஸிலிருந்து சடையன் வேறு இறங்கினார். "வாங்க மச்சான்" என்றார் வெள்ளையன்.

அந்த நேரம் பார்த்துக் குறுக்குப் பாதையில் ஒவ்வொருவராக வந்து சேர ஆரம்பித்தார்கள். செம்மேட்டில் கும்பிடு போட்டு அனுப்பிய அதே பெண்கள். தலையில் அரிசிப் பை, முதுகை நனைத்த வேர்வை, முகம் நிறையச் சிரிப்பு. "ஆபீசர் நல்லபடியா வந்து சேந்தாங்களா?" என்று வேறு விசாரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இவங்க எல்லாருமே ஸ்டாப்ல நின்னாங்களே! நீங்களும்தானே பார்த்தீங்க?" என்றேன்.

"பார்த்தேன் மேடம். ஆனா நின்னவங்களை எழுத முடியாது. ஏறினவங்களைத்தான் எழுத முடியும்."

"நாளைக்கு வாங்க சாமி. நாளைக்கு வந்து பாருங்க" என்றார் வெள்ளையன்.

"நாளைக்கு வேற ரூட்டுங்க."

அதிகாரி கெட்டவர் இல்லை. பலாச்சுளையை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். சாப்பிடத்தான் முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு எங்கள் ஊர் ரயில்தான் ஞாபகம் வந்தது. நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊருக்கு ஒரு கிளை ரயில் பாதை உண்டு... உண்டு என்றா சொன்னேன்? இருந்தது. ஜங்ஷனிலிருந்து பிரிந்து வந்து எங்கள் ஊரோடு முடியும். அது ஒரே நாளில் சாகவில்லை. முதலில் காலை வண்டியின் நேரத்தை மாற்றினார்கள். காலேஜும் கோர்ட்டும் தொடங்கிய பிறகு ஜங்ஷன் போய்ச் சேருகிற மாதிரி ஒரு நேரம். எந்தப் புத்திசாலி அதில் ஏறுவான்? ஜனங்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். பிறகு வந்து எண்ணினார்கள். ஆள் இல்லை. பெட்டிகளைக் குறைத்தார்கள். மறுபடியும் எண்ணினார்கள். இன்னும் ஆள் இல்லை. கடைசியில் 'தற்காலிகமாக நிறுத்தம்' என்று ஒரு போர்டு வைத்தார்கள்.

அப்புறம் தண்டவாளத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். பாதை இருந்த மேட்டில் இப்போது ஒரு பக்கம் சீமைக்கருவேலம், ஒரு பக்கம் சர்க்கரை நோயாளிகளின் வாக்கிங். பிளாட்பாரத்தில் சோளம் காய்கிறது. 'ரயில்வே ஸ்டேஷன் மிக அருகில்' என்று மட்டும் இன்னமும் மனை விற்கிறார்கள்!

பெரிய லைனில் வண்டி காலியாக ஓடினால் 'நேரத்தைச் சரி செய்வோம்' என்பார்கள். கிளையில் காலியாக ஓடினால் 'ஊருக்குத் தேவையில்லை போல' என்பார்கள். ரயிலோ, பஸ்ஸோ... இதில் வித்தியாசம் கிடையாது.

போன வாரம் மறுபடியும் கொல்லிமலை போக வேண்டியிருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் வழக்கம்போல் வயிற்றைப் புரட்ட, செம்மேட்டில் மாத்திரை வாங்க நுழைந்தேன். கவுன்ட்டரில் துறுதுறுவென்று ஒரு பெண்.

"நீ சடையன் பொண்ணாம்மா?"

"ஆமாங்க! அன்னிக்கு அப்பாகூட பஸ்ஸுல போன மேடமுங்களா நீங்க?"

கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். கல்யாணம்?

"ஆவணி மாசமுங்க. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. ஆபீசர் நல்லா உக்காரட்டும்னு நடந்து வந்த சனம், நம்ம புள்ளைய நல்லா வெச்சுக்கும்னு அப்பா சொல்லிட்டாருங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தில் வாந்தியே நின்றுவிட்டது. "அப்போ பஸ்ஸும் தப்பிச்சிருச்சா?"

"ஓடுதுங்க. ஆனா நேரத்தை மாத்திட்டாங்க. காலையில இங்க வந்து சேர பத்து மணிக்கு மேல ஆயிடுது. நான் எட்டரைக்கே கடை திறக்கணுமுங்க."

"அப்புறம் எப்படிம்மா வேலைக்கு வருவே?"

"அவரு இங்க வந்துர்றாருங்க. ஸ்டாண்டுக்குப் பின்னாடியே ஊடு பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமையில பைக்குல போய் மிளகைப் பார்த்துக்கலாம்னு இருக்கோமுங்க. மாமாவுக்குத்தான் ரொம்ப வருத்தம்."

யாரைக் குறை சொல்வது? வேலையை விடமாட்டேன் என்று நிற்கிற இந்தப் பெண்ணையா? நான் அவள் கட்சி. அவளோடு வந்துவிடுகிற கார்த்திக்கையா? அப்படி ஒரு பையன் கிடைக்க வேண்டுமே! இருந்தாலும் அந்தத் தோட்டத்தில் இனி ஒற்றை ஆளாக நிற்கப்போகிற வெள்ளையனை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

"அடுத்த தடவை எண்ண வரட்டும், ஊரே பஸ்ஸுல ஏறி உக்காந்துக்குவோம்னு மாமா சொல்றாருங்க" என்று சிரித்தாள் பவித்ரா.

ஏறட்டும்... இரண்டு சீட் மட்டும் காலியாகவே வரும்.