மெஹராஜ் லாத்தா கொண்டுபோன துப்பட்டிகள்

எண்பத்து இரண்டில் என் மூத்தவனைப் பெற்றபோது பதினோரு நாள் நான் ஆபீஸ் தரை துடைக்கும் வேலைக்குப் போகவில்லை. திரும்பிப் போனால் என் இடத்தில் வேறு ஆள் நிற்கும் என்று பயந்துகொண்டேதான் அந்த ஆபீஸ் படியேறினேன். ஹாஜிரிப் புத்தகத்தில் ஒரு நாள் விடாமல் எனக்கு வருகை போட்டிருந்தது. ஆறாம் மாடித் தரை பளபளவென்று கிடந்தது. ஒரு வருஷம் கழித்து லிப்ட்காரர்தான் சொன்னார்: "மெஹராஜ் அக்கா தன் வேலைய முடிச்சிட்டு உன் மாடியையும் தினம் துடைச்சாங்க." அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவிடம் கேட்டேன். "அவனுக்கு வேற சோலி இல்லளா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மெஹராஜ் லாத்தா எங்கள் கம்பெனியில் முக்காதம். நாற்பது பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து ஹாஜிரி போடுகிறவர். கம்பெனி பெரிய ஆபீஸ்களைச் சுத்தம் செய்யக் காண்டிராக்ட் எடுக்கும். தாராவியில் எங்கள் சந்திலிருந்து ஆள் சேர்த்துவிடுவது லாத்தா.

எண்பத்து நாலில் கம்பெனி செம்பூரில் ஒரு கொடவுன் பிடித்தது. பினாயிலை பாட்டிலில் ஊற்றவும், தரை துடைக்கும் போச்சாத் துணி தைக்கவும் நாலு பெண்கள் வேண்டும், அங்கேயே தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் உண்டு என்றார்கள். லாத்தா எங்கள் ஊர் கடையநல்லூருக்குப் போய்ச் சொந்தத்தில் நாலு பெண்களைக் கூட்டிவந்தார். "என் பொறுப்பு" என்று அவர்களில் ஒருத்தியான மர்யத்தின் உம்மா கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார். ரயில் நெரிசலில் நாலு வெள்ளைத் துப்பட்டியும் மாறிவிடக் கூடாதென்று மூலையில் சிவப்பு நூலால் ரோஷனுக்கு ஒரு தையல், மர்யத்துக்கு இரண்டு என்று அடையாளம் போட்டவரும் அவர்தான். எங்கள் ஊர்ப் பெண் துப்பட்டி போர்த்தாமல் தெருவில் கால் வைக்க மாட்டாள். உயிர் போனாலும் மாட்டாள்.

கொடவுனில் கொண்டுவிட்டதோடு சரி. போய்ப் பார்க்கணும், பார்க்கணும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்வார். வேலை விடாது. சூப்பர்வைசர் நாணுவைக் கேட்டால், "சுகமா இருக்காங்க. அவங்களுக்கு வெளியே வரவே பிடிக்கலை" என்பான்.

மூன்றாம் மாதம் புதுப் போச்சாத் துணிக்கட்டு வந்தது. ஒன்றை எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்தேன். லாத்தா சட்டென்று என் கையைப் பிடித்தார். துணி மூலையில் இரண்டு சிவப்புத் தையல்.

"இது மர்யம் துப்பட்டிளா."

ஈரத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஹாஜிரிப் புத்தகத்தை மூடினார். "வாளா" என்றார். போனேன்.

நேரே செம்பூருக்குத்தான் என்று நினைத்தேன். தாராவிக்கு வந்து துப்பட்டி கேட்டு வீடு வீடாக ஏறினார். அதற்குள் சந்தில் பாதிப் பேர் கறுப்பு புர்காவுக்கு மாறியிருந்தார்கள். மூன்று துப்பட்டிதான் தேறியது. பக்கத்து வீட்டு ராபியா தன் கல்யாணத் துப்பட்டியையே எடுத்துக் கொடுத்தாள். பாச்சை உருண்டை வாசம் போகாமல் இருந்தது.

கொடவுன் வாசலில் நாணு ஸ்டூல் போட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தான். கதவு அகலத் திறந்து கிடந்தது.

"புள்ளையள அடைச்சா வச்சிருக்க?"

"அடைக்கிறதா? கண்ணு தெரியலையா உங்களுக்கு? தர்வாஜா திறந்துதானே கிடக்கு. பூட்டு இருக்கா, பாருங்க. யாரு போக வேண்டாம்னது?" சிரித்தான். பத்து வருஷம் எங்கள் பெண்களோடு வேலை பார்த்தவன். துப்பட்டி இல்லாமல் நாங்கள் வாசல் தாண்ட மாட்டோம் என்று அவனுக்குத் தெரியாதா?

உள்ளே நாலு பேரும் பினாயில் நெடியில் உட்கார்ந்திருந்தார்கள். வந்த முதல் வாரமே துவைத்துத் தருகிறேன் என்று நாலு துப்பட்டியையும் வாங்கியிருக்கிறான். பிறகு அதையே வெட்டித் தைக்கக் கொடுத்திருக்கிறான். வெள்ளைத் துணி தண்ணியை நல்லா இழுக்குமாம். சம்பளம் கேட்டால், "ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோ" என்பானாம்.

மர்யம் அழுதாள். "அந்த மூலைய மட்டும் வெட்ட மனசு வரல லாத்தா."

"நல்ல காலம் வெட்டல. எந்திரிங்க புள்ளையளா."

மூன்று பேர் போர்த்திக்கொண்டார்கள். ரோஷன் மட்டும் சுவரோடு ஒட்டி நின்றாள். லாத்தா தன் மேலிருந்த துப்பட்டியை உருவி அவளுக்குப் போர்த்திவிட்டார். சேலைத் தலைப்பை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் அப்படித் தெருவில் இறங்கி நான் பார்த்ததில்லை.

நாணு வழியில் வந்து நின்றான். "நாளைக்கு உன் ஹாஜிரி கட், தெரிஞ்சுக்கோ. பதினோரு வருஷ வேலை போச்சு."

"கதவு திறந்துதான கிடக்கு நாணு? நீயே சொன்னியே. தள்ளு."

தள்ளி நின்றான்.

மறுநாள் காலை லாத்தா மேனேஜர் மேஜையில் அந்தத் துணியைப் பரப்பினார். "இந்தத் துணியால எங்க பொம்பளையள் இனி தரை துடைக்க மாட்டாவ. கொடவுன எங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டும். காட்டுற வரைக்கும் ஒரு ஆளு தர மாட்டேன்."

மேனேஜர் அன்றே அவரை நிறுத்தினார். எங்களில் பதினாறு பேர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரோடு இறங்கினோம். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு. எட்டாம் நாள் எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், கொடவுனையும் காட்டினார்கள். நாலு பெண்களின் சம்பளமும் வந்தது. லாத்தாவை மட்டும் கூப்பிடவில்லை. அவர் கேட்கவும் இல்லை. காட்கோபரில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனார். ஆனால் எந்தக் கம்பெனி ஆள் கேட்டுச் சந்துக்கு வந்தாலும், "இருங்க, நான் இடத்தப் பாத்துட்டு வாரேன்" என்று முதலில் கிளம்புகிறவர் அவர்தான். கம்பெனிக்காரர்கள் எத்தனையோ பேர் முறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "போகட்டும்ளா, ரிஸ்க்க, நம்ம பங்குச் சோத்த, அல்லாஹ் தருவான், இவனா தாரான்?" என்பார்.

எண்பத்து எட்டில் மகனோடு அம்பர்நாத்துக்குக் குடிபோனார். சயான் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். அதற்குள் நான் முக்காதம் ஆகியிருந்தேன். ஆள் சேர்ப்பது என் கையில். வண்டி வந்துவிட்டது. ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார்:

"ஆபிதா, நான் ஒரு வெள்ளிக்கிழமை போயிருந்தா அந்தத் துணி வாளிக்கு வந்திருக்காதுளா. நீ போய்ப் பாரு. கதவு திறந்திருக்குன்னு எவனாவது சொன்னா அங்கயே நிக்காத, உள்ள போயி உங்க துப்பட்டி எங்கன்னு புள்ளையள்ட்ட கேளு."