அரிசிக்காகக் கோழி வாங்கிய வருடம்

ரேஷன் புழுங்கலரிசி உலையில் முதல் கொதி வரும்போது நனைந்த சாக்கின் வாடை வரும். அது அடுப்படியோடு நிற்காது. கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் போகிறவர் மூக்கு வரைக்கும் போகும். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் அந்த வாடையை வெளியே விடாமல் பிடித்து வைப்பதே எங்கள் வீட்டில் ஒரு வேலையாக இருந்தது. அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைந்து, கல்லுப்புப் போட்டு ஊறவைத்து, முதல் கொதித் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றி, தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்திக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, தெரு முழுதாக விழிக்கும் முன்பே அக்கா சோற்றை வடித்து முடித்துவிடுவாள்.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கிராமம். அப்பா சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். அவர் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் கடையில் வாங்கிய பொன்னி அரிசிதான் சாப்பிட்டோம்; ரேஷன் அரிசியை வாங்கி, வீட்டு வேலைக்கு வந்த மூக்காயியிடம் அப்படியே கொடுத்துவிடுவோம். அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் பணம் வருவது நின்றது. அப்பாவோடு வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விடுப்பில் வந்தபோது, கம்பெனியில் யாருக்குமே சம்பளம் போடவில்லை, பாஸ்போர்ட்டையும் அவர்களே வைத்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று அம்மா அவரிடம் கேட்டுக்கொண்டாள்.

சொல்ல முடியாததற்குக் காரணம் அக்காவின் கல்யாணம். தை மாதத்தில்தான் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து அக்காவுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார்; சொந்தமாக வயலும் கிணறும் உள்ள குடும்பம். ஆவணியில் அப்பா வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. பெண் வீடு சவுதிக்காரர் வீடு என்பதும் அந்தப் பேச்சில் ஒரு பங்கு என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பணம் நின்றதைக் கேள்விப்பட்டு, வைத்த பூவை வேண்டாமென்று சொல்லி அனுப்பிய கதை பக்கத்து ஊரிலேயே நடந்திருந்தது. அந்தப் பெண் அக்காவோடு படித்தவள். இரண்டு வருடமாகியும் அவளுக்கு வேறு இடம் அமையவில்லை.

ஆகவே மளிகைச் சாமான் வாங்குவது எங்கள் வீட்டில் உயிர்போகும் காரியமாயிற்று. எல்லாவற்றையும் மட்டமாக வாங்க முடியாது; வாங்கினால் கடைக்கார முத்தையா அண்ணன் சாமான் மடிக்கும்போதே, "என்னத்தா, இந்த வாட்டி நல்லெண்ணெ போடலையா? சவுதியில எண்ணெக் கெணறு வத்திருச்சா?" என்று கடையில் நிற்கும் எல்லோரும் கேட்கும்படிச் சிரிப்பார். எல்லாவற்றையும் பழையபடி வாங்கவும் வழியில்லை. எதற்குக் கூடுதலாகக் கொடுப்பது, எதை மட்டமாக வாங்குவது என்று அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தாள். அடுத்தவர் கண்ணிலும் நாக்கிலும் படுகிற சாமான் எல்லாம் உயர்ந்த ரகம்: அறந்தாங்கியில் கண்ணெதிரே அரைத்து வாங்கும் காப்பித்தூள், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், வெள்ளைச் சீனி, பலகாரத்துக்கு ஒரு சின்ன புட்டி நெய், கிணற்றடியில் கிடக்கும் வாசனைச் சோப்பு. நாங்கள் மட்டும் சாப்பிடுவது எல்லாம் இருப்பதில் மட்டம்: கறுத்துப்போன பழம்புளி, உடைந்த பருப்பு, காம்பில்லாத சில்லு மிளகாய், எல்லாவற்றுக்கும் அடியில் ரேஷன் அரிசி.

"வர்றவுக வாயில படுறதுக்குக் காசு குடுப்போம். நம்ம வயித்துக்குள்ள போறத எவ வந்து எட்டிப் பாக்கப்போறா?" என்பாள் அம்மா.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சமைப்பவள் அவள், எனக்கு அந்தச் சோறு இறங்காமல் தட்டில் பாதி மிஞ்சுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"மாசத்துல ஒருத்தர் வர்றாகளோ இல்லையோ, அவுகளுக்காகக் காப்பித்தூளு. நாம தெனம் மூணு நேரமும் திங்கிறதுக்கு மாட்டுக்கு வைக்கிற கழனி. காப்பிய நிறுத்திட்டு அரிசிய மாத்தும்மா."

"காப்பிய நிறுத்துனா ஒன் கல்யாணமும் நிக்கும், தெரிஞ்சுக்க."

"நிக்கிற கல்யாணம் நல்லெண்ணெயில ஓடிருமாக்கும்!"

இப்படிப் பேசிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சத்தம் போட்டுச் சண்டை போடக்கூடப் பயம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு.

மூக்காயியை எப்படிச் சமாளிப்பது என்பது முதல் மாதமே வந்த இடைஞ்சல். ரேஷன் போட்டதை ஊரே அறியும். "ஏத்தா, இந்த மாசம் எனக்கு அரிசி போடலையே?" என்று அவள் வாசலில் நின்று கேட்டபோது, அம்மா யோசிக்காமல், "கோழி வளக்கப்போறேன் மூக்காயி, அதுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கோழி இல்லாமல் முடியாதே. அடுத்த சந்தையிலேயே இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் வந்தன. அவற்றை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மூக்காயி, "கோழின்னா முட்டையிடும், போடலாம். நான் என்னத்த இடப்போறேன்!" என்று சிரித்துக்கொண்டே போனாள். எங்களால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கோழிகள் முற்றத்தில் மேயும்போதெல்லாம் யாராவது, "இம்புட்டுக் கோழிக்கா கார்டு அரிசி முழுசும்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று அவற்றைக் கொல்லைப்பக்கம் விரட்டிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போதும் மூடியைப் பாதிதான் திறப்பேன்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், பள்ளி விடுமுறை விட்டிருந்த சமயம், மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். அவரை நாங்கள் அயித்தை என்போம். அம்மாவுக்கு மதினி முறை. ஆவுடையார்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு, இவ்வளவு தூரம் வந்து பெண்ணைப் பார்க்காமல் போவதா என்று, மெயின் ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தே வந்திருந்தார். அந்தக் காலத்தில் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவது என்ற வழக்கம் கிடையாது. போய் நிற்பதுதான் உரிமை.

அம்மாவுக்கு முகம் வெளுத்தாலும் கால் தடுமாறவில்லை. இதற்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தாள். "வாங்க மதினி, வாங்க! இந்த வெயில்லயா நடந்து வந்தீங்க? சின்னவளே, அடுப்புல பால வையி" என்று எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டே, பாயை விரித்து, விசிறியைக் கையில் கொடுத்தாள். நிச்சயமான பெண், மாமியார் கூப்பிடாமல் முன்னால் வரக்கூடாது என்பதால் அக்கா அடுப்படி நிலையை ஒட்டி நின்றாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்ததும் அந்த மணம் கூடம்வரை போனது. அம்மாவின் கணக்கு அவ்வளவு சரியாகப் பலிக்கிறதே என்று நான் நினைத்தேன்.

"அட, காப்பிய யாரு கேட்டா?" என்றார் அயித்தை. "கோயில்லேருந்து வெந்துபோயி வந்துருக்கேன். காப்பியக் குடுத்து இன்னும் வேக வைக்கப் பாக்குறியா? நீச்சத்தண்ணி இருந்தா உப்பப் போட்டு ஒரு செம்பு குடு ஆத்தா. ரெண்டு வெங்காயம் கெடந்தாப் போதும்."

இரவு மீந்த சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர்தான் "நீச்சத்தண்ணி." வெயிலில் வருகிறவர் எந்த வீட்டிலும் கூச்சமில்லாமல் கேட்பது, இல்லை என்று எந்த வீட்டிலும் சொல்லாதது. அதற்குக் காசு கொடுத்து வாங்க ஒரு சாமானும் கிடையாது; அரிசி என்னவோ, அதுதான் அந்தத் தண்ணீர். எதற்கெல்லாமோ உயர்ந்த விலை கொடுத்த அம்மா இதை நினைக்கவே இல்லை. ரேஷன் அரிசியின் வாடை சுடுசோற்றில் வருவதைப்போல இரண்டு மடங்கு, இரவெல்லாம் ஊறிய தண்ணீரில் வரும்.

"நேத்து... சோத்துல தண்ணி ஊத்தலையே மதினி" என்றாள் அம்மா.

"சோத்துல தண்ணி ஊத்தாத வீடா? சவுதிக்காரவுகன்னா மிஞ்சுனதக் கொட்டிருவீகளோ?" அயித்தை சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் விசிறி நின்றுவிட்டது. தன் மகனுக்குப் பார்த்திருக்கும் பெண் சோற்றைக் கொட்டுகிற வீட்டிலிருந்து வருகிறாளா என்று அவர் நினைப்பது எனக்கே புரிந்தது.

அப்போது அக்கா கூப்பிடாமலே வெளியே வந்தாள். கையில் விளிம்புவரை நீச்சத்தண்ணி நிறைந்த செம்பு. அம்மாவைப் பார்க்காமல் நேரே போய் அயித்தையின் கையில் கொடுத்தாள்.

அயித்தை அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். செம்புக்குள் பார்த்து, இரண்டு பருக்கையை விரலால் எடுத்து நசுக்கினார். நெல் விளைகிற வீட்டுக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இது கார்டு அரிசியில்ல?"

"ஐயையோ!" என்று அம்மா எழுந்தாள். "கோழிக்கு ஊறவச்சத இந்தப் பிள்ளை தெரியாம மாத்திக் கொண்டாந்திருச்சு மதினி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. மூக்காயியிடம் பலித்த பொய், சம்பந்தியிடம் போனபோது வேறொன்றாக மாறிவிட்டது.

"கோழிக்கு வச்சதையா எனக்குக் குடுத்தீக?" என்றார் அயித்தை. குரல் தணிந்துவிட்டது. அவர் கை குடையைத் தேடியது.

"இல்ல அயித்தை" என்றாள் அக்கா. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "அது நாங்க சாப்புடுறதுதான். அப்பாவுக்குச் சம்பளம் வரல. பொங்கல்லேருந்தே வரல. பாஸ்போர்ட்டயும் புடிச்சு வச்சிருக்காக. எப்ப வருவாகன்னு எங்களுக்கே தெரியாது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்தது. நான் போய் இறக்கவில்லை. அயித்தை அக்காவை ஏறிட்டுப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் அடுப்படியைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் காப்பித்தூளு?"

"ஒங்களுக்குன்னு வாங்குனது" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"எம்மவன் ஒங்க வீட்டுக் காப்பியவா கட்டிக்கிறப் போறான்?" என்று அயித்தை அம்மாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, செம்பிலிருந்ததைக் குடித்து முடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "ஊருக்குப் போயி எங்க வீட்டுல பேசிச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகான நாட்களை எப்படிச் சொல்வது? அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "ஒரு செம்புத் தண்ணியில கல்யாணத்தையே தலைமுழுகிட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அக்கா அரிசி களைந்துகொண்டிருப்பாள். சன்னலை மட்டும் இப்போது சாத்துவதில்லை. பஸ் வரும் நேரமெல்லாம் நாங்கள் மூவரும், ஒருவருக்கொருவர் தெரியாதபடி, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. உட்காரக்கூட இல்லை. சம்பந்தி வருகிறபோது வரட்டும், காத்திருந்தால் ஊர்ப்பேச்சு வளரும், வைகாசியிலேயே கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம் என்று சொன்னார். வாசலில் எட்டிப் பார்த்து நின்ற அக்கம்பக்கத்தாருக்குக் கேட்காதபடி, "ஆனா கல்யாணச் சாப்பாட்டுச் சாமான் நாங்கதான் வாங்குவோம். அத மட்டும் ஒங்க மதினி கண்டிப்பாச் சொல்லி விட்டுருக்கா" என்றார்.

அயித்தை வாங்கியதும் ஒரு கணக்குத்தான். அரிசி அவர்கள் வயலில் விளைந்த முதல் தரம், மற்றதெல்லாம் சிக்கனம். பாயசத்தில் முந்திரி இல்லை, அப்பளம் ஆளுக்கு ஒன்று. எங்கள் சித்தப்பா ஒருவர் இலையைத் துழாவிவிட்டு, "முந்திரி லீவுல போயிருக்கா?" என்று கேட்டதை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. கல்யாணம் நின்றுவிடாமல் நடந்தது, அக்கா நன்றாக இருக்கிறாள், அப்பாவும் அடுத்த வருடம் வெறுங்கையோடு உயிரோடு வந்து சேர்ந்தார். ஆனாலும் அந்தச் சபையில் தன் தலை குனிந்தது அரிசியாலா முந்திரியாலா என்ற வழக்கை அம்மா முடித்துக்கொள்ளவே இல்லை. அயித்தை செய்தது சரி என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "அவுக குடுக்குற எடத்துல இருந்தாக. நான் மறைக்கிற எடத்துல இருந்தேன்" என்றாள்.

இப்போது நான் புதுக்கோட்டையில் இருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு கடைக்குப் போனால் அரிசிக்கும் எண்ணெய்க்கும் நல்ல விலை கொடுக்கிறேன். பிஸ்கட்டு, சோப்பு எல்லாம் எது மலிவோ அது. அரிசி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மணியைக் கடித்துப் பார்க்க இப்போது வழியில்லை. எல்லாம் ஒட்டிய பைகளில் வருகிறது. வருகிறவர்களும் போன் செய்துவிட்டு வருகிறார்கள். வந்தால், "சாப்பிட்டுத்தான் வந்தோம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிக் கூடத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்துகொள்கிறார்கள். கேட்டு வாங்கிக் குடிக்கிற மனிதர்கள் போய்விட்டார்கள். என் அடுப்படியில் எந்த அரிசி வேகிறது என்பது இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா அவ்வளவு விலை கொடுத்தும் வாங்க முடியாத மறைவு எனக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது.

போன மாதம் என் கணவர் எங்கள் மகன் வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அதுவும் யாருக்கும் தெரியவில்லை.