பூஞ்சை இல்லாத லென்ஸ்

என் கணவர் லென்ஸ்களை எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவார். "எண்பத்தஞ்சு பரவாயில்ல, முப்பத்திரண்டு இன்னும் தேறணும், அம்பதுதான் என் செல்லம்" என்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பக்கத்து வீட்டம்மா, மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "முப்பத்திரண்டு எடுத்த பிள்ளையை ரொம்பத் திட்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். எங்களுக்கு ஒரே மகள். அவள் வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது.

பத்தொன்பது வயதில் கேமரா வாடகைக்கு விடும் கடையில் பெட்டி துடைக்கப் போனவர் அவர். படப்பிடிப்பு முடிந்து திரும்பும் பெட்டிகளில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். அதைத் தட்டித் துடைக்கும்போதே, எந்த லென்ஸ் எங்கே அடிபட்டது என்று கண்டுபிடித்துவிடுவாராம். பிறகு உதவியாளராகப் பன்னிரண்டு வருடம். முப்பத்தைந்தில் ஒளிப்பதிவாளரானார். முதல் படம் முடிந்ததும் கட்டில் வாங்கி வருகிறேன் என்று போனவர், சாயங்காலம் அந்த ஐம்பதோடு வந்தார். "கட்டில்?" என்றேன். "தரை நல்லாத்தானே இருக்கு" என்றார். இரண்டு வருடம் தரையில்தான் படுத்தோம்.

போன வருடம் வந்த படம் அவருக்குப் பதினொன்றாவது. அதைப் பார்த்துவிட்டு ஓர் இளம் பெண் இயக்குநர் தேடி வந்தார். இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. முழுப் படத்தையும் இவருடைய பழைய லென்ஸ்களிலேயே எடுப்பது என்று முடிவாயிற்று. படப்பிடிப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அப்போதுதான் பூஞ்சை தொடங்கியது. கேமராவை முன்னறையில் நிறுத்தி, லென்ஸை மாட்டி, வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்துப் பார்ப்பார். "புகை மாதிரி இருக்கு. உள்ள பூஞ்சை புடிச்சிருக்கு." முதலில் எண்பத்தைந்தைப் பிரித்துத் துடைத்தார். அடுத்து முப்பத்திரண்டு. துடைத்தும் புகை போகவில்லை. பிரித்த முப்பத்திரண்டு பழையபடி பொருந்தவும் இல்லை. உள்ளே கண்ணாடி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். அதைப் பெட்டியில் தனியாக வைத்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டார்ச்சைப் பிடிப்பது என் வேலை. ஒளி உள்ளே விழும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். எனக்குப் புகை தெரியவில்லை. எனக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். ஆனால் வேறு சிலவும் கண்ணில் பட்டன. செய்தித்தாள் படிக்கும்போது தலையைச் சாய்த்து இடது பக்கமாகப் பிடித்தார். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றிவிட்டு, மேசை சாய்ந்திருக்கிறது என்றார்.

அவருடைய ஃபோகஸ் உதவியாளரை எல்லாரும் 'டேப்' என்பார்கள். நடிகருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரத்தை அளக்கும் டேப் எப்போதும் இடுப்பில் தொங்கும். பதினெட்டு வருடமாக இவரோடு இருப்பவர். ஒரு நாள் வந்தவர் முன்னறைக்குப் போகாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"அண்ணி, அண்ணன் அம்பதையும் பிரிக்கப் போறாராம்."

"உங்களுக்கு அதுல பூஞ்சை தெரியுதா தம்பி?"

அவர் டேப்பை இழுத்தார், விட்டார். "போன படத்துல எத்தனையோ ஷாட் கலங்கலா இருக்குன்னாரு அண்ணன். 'என் தப்பு, இன்னொன்னு போலாம்'னு நான்தான் சொன்னேன். என் தப்பில்ல அண்ணி."

நான் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஐம்பதின் மேல் வளையத்தில், திருகிக் கழற்றும் சாவியைப் பொருத்தியிருந்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம். அதை மாட்டி இடது கண்ணால பாருங்க."

"இடதா? எதுக்கு?"

"சும்மாதான்."

முப்பது வருடத்தில் அவர் இடது கண்ணை வியூஃபைண்டரில் வைத்ததே இல்லை. மூக்கு இடித்தது, கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மோர் விற்க வந்தவர் கேமரா பிடித்தது போல இருந்தது. பிறகு அசையாமல் நின்றார். வலது கண்ணை வைத்தார். மறுபடி இடது.

"லென்ஸ் சுத்தமா இருக்கு" என்றார் சுவரைப் பார்த்து. லென்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "வெளியில தெரிஞ்சா இந்தப் படம் போச்சு" என்றார்.

டேப் வாசலிலிருந்தே சொன்னார்: "நான் யாருகிட்டண்ணே சொல்லப் போறேன். முதல்ல டாக்டரைப் பாருங்க."

வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடதில் தொடக்கம். இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் கம்பெனி, என்ன பொருள், ஓரத்தில் நிறம் சிதறுமா, மேலே பூச்சு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சார், இதைக் கழட்டித் துடைக்க முடியாது. அது மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

வலது கண்ணில் அறுவை முடிந்து நான்கு நாள் கழித்து, பதினொன்றாவது படத்தைப் போடச் சொன்னார். இரண்டு காட்சிதான் ஓடியிருக்கும்.

"இது என்ன, எல்லாரும் ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்திருக்காங்க?"

"அப்படித்தானே எடுத்தீங்க?"

"இல்ல. நான் சாதாரண வெளிச்சத்துலதான் எடுத்தேன்."

புரை உலகத்தை மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. நிறம் சரிசெய்பவரிடம் மஞ்சளைக் குறை, குறை என்று இவர் சொல்லச் சொல்ல, படம் நீலமாகிவிட்டது. அந்த நீலத்தைத்தான் ஊரே புகழ்ந்தது. புது இயக்குநர் தேடி வந்ததும் அதற்குத்தான்.

கண்ணைப் பற்றி வெளியே சொல்ல அவசியமில்லை, இப்போதுதான் சரியாகிவிட்டதே என்றார் டேப். இவரோ மறுநாள் காலையிலேயே இயக்குநரை அழைத்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் பேசுவதென்றாலே எனக்குத் தயக்கம், மணி அடித்தால்கூட இவரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

"அந்த நீலம் நான் யோசிச்சுச் செஞ்சதில்லம்மா. கண்ணுல புரை இருந்திருக்கு. இப்ப எடுத்தாச்சு. நீங்க அதை நம்பி வந்தீங்க, அதான் சொல்லிடறேன்."

நான் ஒரே சட்டையை மூன்று முறை மடித்தேன். பிறகு அந்தப் பெண் சிரிக்கும் ஒலி கேட்டது. திங்கட்கிழமை ஒரு சோதனைப் படப்பிடிப்பு வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றாராம்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார். ஒரே அறையை இரண்டு விதமாக எடுத்திருக்கிறார், நீலமாக ஒன்று, இப்போது கண்ணுக்குத் தெரிகிறபடி ஒன்று.

"எதை எடுத்துக்கிட்டாங்க?"

"ரெண்டையும் ரெண்டு தடவை போட்டுப் பாத்தாங்க. அப்புறம், 'சார், இந்த ரெண்டாவதுல மூஞ்சியெல்லாம் உயிரோட இருக்கு'ன்னாங்க." செருப்பைக் கழற்றினார். "பதினஞ்சாம் தேதி ஆரம்பம். இடது கண்ணைப் படம் முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

"இந்த வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

புதுக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நீயா? ஃபோன்லயா?"